ஸ்பேனருக்கு முன் பேனா

"சார், பள்ளி விடுமுறையில் அண்ணனும் நானும் வீட்டிலேயே ஹைலக்ஸை இரண்டு அங்குலம் உயர்த்தப் போகிறோம்," என்றான் ஐந்தாம் படிவ மாணவன். ஆசை தவறில்லை, தோட்டத்துச் செம்மண் பாதையில் அடிப்பாகம் தட்டாமல் போகலாம். ஆனால், ஸ்பேனரை எடுக்கும் முன் பேனாவை எடுங்கள் என்பேன்.

முன்சக்கர ஸ்பிரிங்கை மாற்ற, அதை அழுத்திப் பிடித்துத்தான் மேல் நட்டைக் கழற்ற வேண்டும். ஸ்பிரிங் மாறிலி மீட்டருக்கு 100,000 நியூட்டன், அழுத்திய தூரம் 10 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். மாறிலியில் பாதியைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள்: 500 ஜூல்! 5 கிலோ இரும்புக்குண்டு 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றல் ஏறக்குறைய இதுதான். அழுத்தும் கருவி நழுவினால், அத்தனையும் முகத்துக்கு நேரே பாயும்.

அடுத்து, தொடக்கப்பள்ளியில் படித்த நிலைத்தன்மை. வண்டியோடு ஈர்ப்பு மையமும் உயரும். சக்கரங்களின் இடைவெளியோ அப்படியே இருக்கும். வளைவில் பழைய வேகம் இனி ஆகாது.

ஆகவே, முன் ஸ்பிரிங்கைப் பட்டறையிடம் விடுங்கள். சக்கரச் சீரமைப்பையும் முகப்பு விளக்கின் கோணத்தையும் அங்கேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். தள்ளி நின்று பாருங்கள், கேள்வி கேளுங்கள். அறிவியல் படித்தவனுக்கு, எதைத் தொடக்கூடாது என்று அறிவதும் திறமைதான்.