இரண்டாவது பிள்ளைக்குத் திரை எங்கே?

வீட்டில் பிள்ளைகள் இருவர். வீடியோ கேம் பெட்டி ஒன்று. கையில் பிடித்துப் பார்க்கும் சின்னத் திரையும் ஒன்றுதான். அது அண்ணன் கையில் இருந்தால் தங்கை அழுகிறாள். தங்கையிடம் கொடுத்தால் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு பெரிய கம்பெனி 2012-ம் ஆண்டில் வாக்குக் கொடுத்தது. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு திரை உண்டு என்றது. அதற்காக ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் ஒளிக்காமல் சொன்னது. ஆனால் அந்தப் பெட்டியின் காலமே முடிந்துவிட்டது. இரண்டாவது திரைக்கு ஒரு விளையாட்டுக்கூட வரவில்லை!

சீட்டு விற்ற கம்பெனி

ஜப்பானில் கியோட்டோ என்ற பழைய நகரம் இருக்கிறது. 1889-ம் ஆண்டில் அங்கே ஒரு சிறு தொழில் தொடங்கியது. பூப்படம் போட்ட விளையாட்டுச் சீட்டுகளைச் செய்து விற்பதே அந்தத் தொழில். அதுதான் பிற்காலத்தில் வீடியோ கேம் உலகில் கொடி நாட்டிய நின்டெண்டோ.

2006-ல் இந்தக் கம்பெனி "வீ" என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. கையை வீசினால் போதும், டெலிவிஷனில் பந்து பறக்கும். பேரனோடு பாட்டியும் எழுந்து நின்று ஆடினார்கள். 10 கோடிக்கு மேல் விற்றது.

அதற்கு அடுத்து வந்தது "வீ யூ". 2012 நவம்பரில் அமெரிக்காவிலும், டிசம்பரில் ஜப்பானிலும் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் விலை ஏறக்குறைய 300 டாலர். இன்னொரு ரகம் 350 டாலர்.

அதில் என்ன புதுமை? கையில் பிடிக்கும் கருவியின் நடுவிலேயே ஒரு திரை! அதன் பெயர் கேம்பேட். திரையின் அளவு 6.2 அங்குலம். டெலிவிஷனில் ஒரு காட்சி ஓடும். கையில் வேறு காட்சி தெரியும். சீட்டாட்டத்தில் தன் கைச் சீட்டை மற்றவர் பாராமல் மறைத்துப் பிடிக்கிறோம் அல்லவா? அப்படித்தான் இதுவும். சீட்டு விற்ற கம்பெனிக்கு இந்த யோசனை தோன்றியதில் வியப்பு இல்லை.

2011 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் இதை முதன்முதல் காட்டினார்கள். அப்போது பெட்டிக்கு ஒரு கேம்பேட்தான் என்ற நிலை. "இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் என்ன செய்வது?" என்ற கேள்வி உடனே எழுந்தது. அடுத்த ஆண்டு, 2012 ஜூனில், அதே கண்காட்சியில் பதில் வந்தது. ஒரு பெட்டியில் இரண்டு கேம்பேட் வைத்து ஆடலாம். ஆனால் நொடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டு, 30 படமாகக் குறையும்.

60 என்ன, 30 என்ன?

சினிமாவில் ஓடுவது அசையும் படம் அல்ல. அசையாத படங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. நொடிக்கு 24 படம். அவை வேகமாக மாறுவதால் கண் ஏமாந்துபோகிறது. கதாநாயகன் ஓடுகிறான் என்று நினைக்கிறோம்.

சினிமாவுக்கு 24 போதும் என்றால் விளையாட்டுக்கு 60 எதற்கு? சினிமாவில் நம் வேலை பார்ப்பது மட்டும். விளையாட்டில் கை அழுத்த வேண்டும், திரை உடனே பதில் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தியதும் கார் திரும்ப வேண்டும். நொடிக்கு 60 படம் என்றால், நொடியை 60 கூறாக்கி ஒவ்வொரு கூறிலும் புதுப் படம் வருகிறது. 30 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் இரு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். கார்ப் பந்தயத்திலும் சண்டை விளையாட்டிலும் பழகிய கைக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. சினிமாப் படங்கள் ஏற்கெனவே எடுத்து முடிந்தவை. விளையாட்டில் அடுத்த படம் என்ன என்பது யாருக்கும் தெரியாது. பிள்ளை இடப்பக்கம் திருப்புவானா, வலப்பக்கம் திருப்புவானா? திருப்பிய பிறகுதான் பெட்டி அந்தப் படத்தை வரைய முடியும். நொடிக்கு 60 தடவை வரைய வேண்டும்!

ஒரே தோசைக்கல்

கேம்பேட் பார்ப்பதற்குத் தனிக் கம்ப்யூட்டர்போல இருக்கும். ஆனால் விளையாட்டுப் படத்தை வரையும் மூளை அதில் இல்லை. டெலிவிஷனுக்கும் கேம்பேடுக்கும் சேர்த்துப் பெட்டிதான் வரைகிறது. கேம்பேடுக்கு உரிய படத்தைச் சுருக்கி மடித்து, கம்பியில்லாமல் காற்றில் அனுப்புகிறது. கேம்பேட் அதை வாங்கி விரித்துக் காட்டுகிறது. நொடியின் சின்னஞ்சிறு பங்குக்குள் இத்தனையும் நடந்துவிடும். இது சாதாரண வேலை அல்ல. அந்த ஜப்பானிய இன்ஜினீயர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அடுப்பில் இருப்பது ஒரே தோசைக்கல். இரண்டு பேர் உட்கார்ந்தால் சுடச்சுடத் தோசை விழுகிறது. மூன்றாவது இலை போட்டால்? மாற்றி மாற்றித்தான் போட வேண்டும். ஒவ்வொருவரும் சற்றுக் காத்திருக்க வேண்டும். 60 என்பது 30 ஆன கதை இதுதான்.

படத்தை எளிதாக வரைந்து கொஞ்சம் நேரத்தை மிச்சப்படுத்தலாம். பின்னால் நிற்கும் மரங்களைக் குறைக்கலாம், நிழலை எடுத்துவிடலாம். ஆனால் வரைந்த படத்தை இரண்டு கேம்பேடுக்கும் அனுப்பும் சுமை அப்படியேதான் இருக்கும்.

பிள்ளைகள் குறை சொன்னார்களா?

ஆட்கள் கூடினால் எதையாவது குறைப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. 1996-ல் வந்த "மரியோ கார்ட் 64" என்ற கார்ப் பந்தயத்தில் 4 பேர் சேர்ந்து ஆடலாம். டெலிவிஷன் திரையை நான்காகப் பிரித்துக் காட்டும். ஆனால் 3 பேர், 4 பேர் ஆடும்போது பின்னணி இசை கிடையாது. வண்டிச் சத்தத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

வீ யூ பெட்டிக்கே 2014-ல் "மரியோ கார்ட் 8" வந்தது. ஒருவர் ஆடினாலும் இருவர் ஆடினாலும் நொடிக்கு 60 படம். மூன்றாமவர் சேர்ந்தால் 30! பிள்ளைகள் அதற்காக ஆட்டத்தை விட்டு எழுந்து போகவில்லை. அந்தப் பெட்டிக்கு வந்த விளையாட்டுகளில் அதிகம் விற்றது அதுதான்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. கார்ப் பந்தயத்திலேயே 30 படம் செல்லும் என்றால், சீட்டு ஆட்டத்துக்குச் செல்லாதா? விடுகதை விளையாட்டுக்கு? படம் வரைந்து கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டுக்கு? இவற்றில் வேகம் முக்கியம் அல்ல. ஒருவர் கையில் இருப்பது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பதே முக்கியம். இரண்டு கேம்பேட் இருந்தால் எத்தனை அழகாக இருந்திருக்கும்!

வந்தது என்ன? பெட்டியோடு வெளிவந்த "நின்டெண்டோ லேண்ட்" என்ற தொகுப்பில் ஒரு பேய் விளையாட்டு உண்டு. கேம்பேட் வைத்திருப்பவர்தான் பேய். மற்றவர்கள், 4 பேர் வரை, டெலிவிஷனைப் பார்த்துப் பேயைத் தேட வேண்டும். பேய் எங்கே நிற்கிறது என்பது கேம்பேடில் மட்டும் தெரியும். அருமையான விளையாட்டுதான். ஆனால் பேயாக இருக்கவே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை. மறுபடியும் அதே சண்டை!

முறை வைத்து ஆடுவதும் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம்தானே என்று சிலர் சொல்லலாம். நல்ல பழக்கம்தான். ஆனால் முறை வைக்கச் சொல்வது பெற்றோர் பொறுப்பு. இரண்டாவது திரை உண்டு என்று மேடையில் அறிவித்தது கம்பெனி.

யார் முதலில்?

கம்பெனியின் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். கேம்பேட் மலிவான பொருள் அல்ல. இரண்டாவதை எல்லா வீடுகளிலும் வாங்கமாட்டார்கள். இரண்டு கேம்பேட் வேண்டும் என்று விளையாட்டுச் செய்தால் வாங்குவோர் எண்ணிக்கை குறையும். அதனால் விளையாட்டுச் செய்வோர் தயங்கினார்கள். விளையாட்டு இல்லாததால் இரண்டாவது கேம்பேடுக்கும் தேவை இல்லாமல் போயிற்று. அமெரிக்காவில் அது தனிப் பொருளாகக் கடைக்கு வரவே இல்லை.

முட்டையா, கோழியா என்ற வழக்குத்தான். ஆனால் இந்த வழக்கில் முட்டையும் கோழியும் ஒருவரிடமே இருந்தன! கேம்பேடைச் செய்வதும் நின்டெண்டோ. பெட்டிக்குப் பேர்போன விளையாட்டுகளைச் செய்வதும் நின்டெண்டோ. வேறு யாராவது தொடங்கட்டும் என்று காத்திருக்க அதற்குக் காரணம் இல்லை. நல்லதாக ஒரே ஒரு விளையாட்டு, அதோடு ஒரு கேம்பேட். இரண்டையும் ஒரே பொட்டலமாக விற்றுப் பார்த்திருக்கலாம். 60 படம் 30 ஆனது தடை அல்ல. துணிவு இல்லாததே தடை.

பெட்டி நன்றாக விற்காததும் துணிவைக் குறைத்திருக்கும். அப்போது கம்பெனித் தலைவராக இருந்தவர் சட்டோரு இவாட்டா. இளமையில் அவரே விளையாட்டுகளுக்குப் புரோகிராம் எழுதியவர். விற்பனை மோசமானதற்குப் பொறுப்பேற்று, 2014-ல் 5 மாதங்களுக்குத் தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2015 ஜூலையில் அவர் காலமானார். வீ யூ பெட்டியின் உற்பத்தி 2017 தொடக்கத்தில் நின்றது. மொத்தம் விற்றது ஏறக்குறைய 1 கோடியே 35 லட்சம்.

கேபிள் போட்ட காலம்

ஆளுக்கொரு திரை என்பதை இதே கம்பெனி முன்பே ஒரு தடவை செய்து காட்டியிருக்கிறது. 2004-ல் வந்த ஒரு "செல்டா" விளையாட்டில் 4 பேர் ஆடலாம். ஒவ்வொருவர் கையிலும் "கேம் பாய் அட்வான்ஸ்" என்ற கைப்பெட்டி இருக்க வேண்டும். அதைக் கேபிள் போட்டுப் பெரிய பெட்டியோடு இணைக்க வேண்டும். குகைக்குள் புகுந்தவரின் காட்சி டெலிவிஷனை விட்டு அவர் கைத்திரைக்கு மாறிவிடும். கைப்பெட்டிக்குச் சொந்த மூளை உண்டு. ஆகவே பெரிய பெட்டியின் சுமை குறைந்தது. ஆனால் 4 கைப்பெட்டியும் 4 கேபிளும் யார் வீட்டில் இருக்கும்? அங்கே வேகத்துக்குப் பதில் தகப்பனாரின் பணப்பை மெலிந்தது.

2017 மார்ச்சில் "ஸ்விட்ச்" வந்தது. அதில் திரையும் பெட்டியும் ஒன்றே. டெலிவிஷனில் மாட்டினால் கைத்திரை இருண்டுவிடும். ஒரு நேரத்தில் ஒரு படம்தான். இரண்டு திரை என்ற கனவையே கைவிட்டார்கள். 15 கோடிக்கு மேல் விற்றது.

2025 ஜூனில் வந்த "ஸ்விட்ச் 2" அந்தக் கனவை வேறு விதமாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. அதில் "கேம்ஷேர்" என்று ஒரு வசதி உண்டு. அதற்கு இடம்கொடுக்கும் விளையாட்டுகளில், ஒருவர் வாங்கிய விளையாட்டை அருகில் இருப்பவரும் தம் கைத்திரையில் பார்த்துச் சேர்ந்து ஆடலாம். அண்ணன் வாங்கினால் தங்கையும் ஆடலாம். தங்கை கையில் சொந்தமாக ஒரு ஸ்விட்ச் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.