வாங்க ஒரு கல், விற்க ஒரு கல்லா?

மாசி பிறந்துவிட்டால் எங்கள் நத்தத்துக்குப் புளி வரத் தொடங்கிவிடும். கரந்தமலை, சிறுமலை அடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எடை போடும் இடத்திலேயே நின்று காலம் கழித்த என் அத்தா ஒரு பேச்சை அடிக்கடி சொல்வார். வாங்குவதற்கு ஓர் எடைக்கல்லும் விற்பதற்கு வேறோர் எடைக்கல்லும் வைத்திருப்பவன் கடையில் பரக்கத் தங்காது என்பார். அப்படிப்பட்டவன் ஒருவன் இருந்தால் ஒரே பருவத்தில் ஊர் அவனை அடையாளம் கண்டுகொள்ளும். அடுத்த மாசியில் அவன் வாசலில் வண்டி நிற்காது.

புளிக்கு இருக்கிற இந்த நியாயம் கருத்துக்கு இல்லையா? இதைத்தான் நான் இங்கே கேட்க வந்திருக்கிறேன். கேட்பது பிறரை மட்டுமன்று. என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

சவூதி அரேபியாவின் தம்மாமில் இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பிழைத்து வருகிறேன். வார விடுமுறை நாளின் இரவில் நம்மவர்கள் ஓர் அறையில் கூடினால், சோறு இறங்குமுன் உலகத்து வழக்குகள் அனைத்திற்கும் தீர்ப்பு எழுதிவிடுவோம். அகதியை என்ன செய்வது, வடநாட்டுத் தொழிலாளியை எங்கே விரட்டுவது, கல்லூரி வாசலில் முழக்கமிடும் பிள்ளைகளை எப்படி அடக்குவது என்று எல்லாவற்றிற்கும் எங்களிடம் விடை உண்டு. கடல் கடந்து இருப்பவனுக்குச் சொந்த ஊர் தெளிவாகத் தெரியும் என்ற ஒரு மயக்கம் எங்களுக்கு. உண்மையில் அந்த அறையில் இரண்டு எடைக்கற்கள் இருந்தன. அதை எனக்கு உணர்த்தியவர் அறிஞர் ஒருவர் அல்லர். சட்டை தைக்கும் ஓர் இளைஞர்.

முகாமிலிருந்து வந்த கேள்வி

2020 ஜனவரியில் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். நத்தத்தில் ஆயத்தச் சட்டை தைக்கும் பட்டறைகள் பல உண்டு. நண்பர் ஒருவரின் பட்டறையில் அமர்ந்து, அப்போது நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கியிருந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். 2019 டிசம்பரில் நிறைவேறிய அந்தச் சட்டம், பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களுக்குக் குடியுரிமைக்கான வழியைத் திறந்தது. முஸ்லிமின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. மதத்தைக் கொண்டு மனிதனை நிறுக்கலாமா என்று நான் முழங்கினேன். அதில் தவறேதும் இல்லை. இன்றும் அதையே சொல்வேன்.

மூலையில் தையல் இயந்திரத்தின் முன் இருந்த இளைஞர் தலை நிமிர்ந்தார். திண்டுக்கல் சாலையில் கோபால்பட்டி அகதிகள் முகாமிலிருந்து வேலைக்கு வருபவர். பெற்றோர் 1990-ல் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்கள்; இவர் பிறந்தது முகாமில்.

“பாய், நீங்க சவூதியில எத்தனை வருசமா இருக்கீங்க?” என்றார்.

சொன்னேன்.

“அங்க குடியுரிமை கேட்டிருக்கீங்களா?”

“அங்கெல்லாம் அப்படி வழக்கம் கிடையாது, தம்பி” என்றேன்.

“அதை வழக்கம்னு ஏத்துக்கிட்டீங்க. இங்க உங்க ஆளுக பேரு விட்டுப்போச்சுன்னு கோபப்படுறீங்க. சரிதான். எங்க பேரும்தான் அதுல இல்ல. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே பாய்? உங்களுக்காவது திரும்பி வர நத்தம் இருக்கு. நான் திரும்பிப் போக எந்த ஊரு இருக்கு?”

என்னிடம் விடை இல்லை. அவர் இந்து, தமிழர், இந்திய மண்ணில் பிறந்தவர். ஆயினும் 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். புதிய சட்டமோ இலங்கை என்னும் பெயரையே சேர்க்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் போய்ச் சேரும் தொலைவில் இப்படி ஒரு மக்கள் கூட்டம் முப்பது ஆண்டுகளாக இருந்திருக்கிறது. பலஸ்தீன அகதியின் கண்ணீரை அறிந்த நான், கோபால்பட்டி அகதியின் வீட்டுக் கூரையை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அதன் பின் சில நன்மைகள் நடந்தன, மறைக்க வேண்டியதில்லை. 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. 2022 செப்டம்பரில் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் இருந்தவர்களுக்காகத் தோட்டனூத்தில் கட்டப்பட்ட 321 வீடுகள் திறக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, 2015 ஜனவரி 9-ஆம் நாள் வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, உரிய பயணத்தாள் இன்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. வீடு கிடைத்தது, அச்சம் குறைந்தது. ஆனால் குடிமகன் என்னும் பெயரை அந்த ஆணை தரவில்லை. இதற்காக நம் சமுதாய மேடைகளில் எத்தனை தீர்மானங்கள் நிறைவேறின?

நாமும் வந்தேறிகளாக இருந்தோம்

வடநாட்டுத் தொழிலாளர் விஷயத்துக்கு வருவோம். 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான படக்காட்சிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துச் சென்றது. பொய் பரப்பியவர்கள் மீது வழக்குகள் போடப்பட்டன. செய்தி பொய் என்று தெரிந்ததும் நாம் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். எங்கள் அறையில் எழுந்த பேச்சு வேறு: “பொய்யோ மெய்யோ, இவர்கள் போனால் சரிதான். நம் பிள்ளைகளின் வேலையைப் பறிக்கிறார்கள்.”

இதைச் சொன்னவர்கள் யார்? சவூதி இளைஞருக்கு வேலை ஒதுக்கும் நிதாகத் திட்டம் 2011-ல் வந்தபோது, வேலை போய்விடுமோ என்று தஸ்பீஹ் உருட்டியவர்கள்! அரபு நாட்டான் தன் பிள்ளைக்கு வேலை கேட்டால் அது நமக்கு அநீதியாகத் தெரிகிறது. நாம் பீகாரியை விரட்டச் சொன்னால் அது நமக்கு நீதியாகத் தெரிகிறது.

நம் முன்னோர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வேற்று மனிதர்களாகவே பிழைத்தார்கள். 1938-ல் ரங்கூன் கலவரத்தில் இந்தியர் தாக்கப்பட்டபோது, முஸ்லிம்களே முதல் இலக்கானார்கள். 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டாண்டுகளில் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டபோது, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததை விட்டுவிட்டு வெறுங்கையோடு கப்பல் ஏறியவர்கள் எத்தனையோ பேர். இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே நாளில் நாடற்றவர் ஆக்கியது. ‘வந்தேறி’ என்னும் சொல் எப்படிச் சுடும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? சுட்ட தழும்பு ஆறுமுன் அதே கொள்ளிக்கட்டையை நாம் கையில் எடுக்கலாமா?

இன்னும் ஒன்று. 2020 ஏப்ரலில், கடலில் தத்தளித்த ரோஹிங்கியா முஸ்லிம்களின் படகை மலேசியா திருப்பி அனுப்பியது. அதே செயலை முஸ்லிம் அல்லாத ஓர் அரசு செய்திருந்தால் நாம் எப்படிக் கொதித்திருப்போம்! திருப்பியது முஸ்லிம் நாடு என்பதால் நம் நா மடங்கிக் கொண்டது. இதற்குப் பெயர் சகோதரத்துவம் அன்று, எடைக்கல் மாற்றம்.

அச்சத்துக்கு அறிவென்று பெயர்

இனி மாணவர்கள். இங்கே என் சொந்தக் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

2019 டிசம்பர் 15 அன்று புதுடில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்துக்குள் காவலர்கள் புகுந்து, நூலகத்தில் இருந்த மாணவர்களையும் அடித்தார்கள். அடுத்த சில நாட்களில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்திலும் மாணவர்கள் போராடினார்கள். சென்னையில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். “மாமு, நானும் போறேன்” என்றான். “போகாதே. காவல்துறையில் பெயர் ஏறிவிட்டால் பாஸ்போர்ட் கிடைக்காது. படிக்கப் போனவனுக்கு அரசியல் எதற்கு?” என்றேன். பிள்ளை அடங்கிவிட்டான். அதே வாரம் எங்கள் அறையில், ஜாமியாவின் பிள்ளைகளல்லவா பிள்ளைகள் என்று நான் புகழ்ந்து பேசினேன். அடிபட ஊரார் பிள்ளை. பத்திரமாக இருக்க என் தங்கை பிள்ளை!

படிக்கிறவனுக்கு அரசியல் எதற்கு என்று கேட்கும் உரிமை தமிழனுக்கு உண்டா? 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் மாணவர்கள் அல்லவா? அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் ஜனவரி 27 அன்று துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். 1967-ல் ஆட்சியே மாறியது. இன்றும் ஆண்டுதோறும் ஜனவரி 25-ஐ மொழிப்போர்த் தியாகிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய மாணவன் தியாகி. இன்றைய மாணவன் மட்டும் கலகக்காரனா?

அமெரிக்க நாட்டிலும் இதே கதை. 2024-ல் காஸா மக்களுக்காக அங்குள்ள பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் கூடாரமிட்டபோது நாம் மகிழ்ந்தோம். பிரின்ஸ்டனில் கைதானவர்களுள் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்த தமிழ் மாணவி. ஜாமியா மில்லியாவில் முனைவர் பட்டம் பெற்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த பதர் கான் சூரியை 2025 மார்ச்சில் குடியேற்றத்துறை பிடித்துச் சென்றது. மே மாதம் நீதிமன்ற ஆணையால் வெளியே வந்தார். பேச்சுக்காக விசாவைப் பறிப்பது கொடுமை என்றோம். கொடுமையேதான். ஆனால் 2022 ஜூனில் நடந்தது என்ன? நாயகம் (ஸல்) அவர்களை இழித்துப் பேசியதற்காக இந்தியத் தூதரை அழைத்துக் கண்டனம் தெரிவித்தது குவைத் அரசு. அதே பேச்சைக் கண்டித்து ஃபஹாஹீலில் ஜும்ஆவுக்குப் பின் முழக்கமிட்ட வெளிநாட்டுத் தொழிலாளரைப் பிடித்து நாடு கடத்தவும் அதே அரசு முனைந்தது. அப்போது நாம் சொன்னது: “பிழைக்கப் போன இடத்தில் சட்டத்தை மதிக்க வேண்டாமா?”

மதிக்க வேண்டியதுதான். ஒப்பந்தம் செய்து போனவன் அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். நானும் கட்டுப்பட்டே வாழ்கிறேன். எல்லையைக் காக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. பேருந்தை எரிப்பதும் கல்லெறிவதும் போராட்டம் ஆகாது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாய் திறக்க முடியாத நாட்டில் வாழ்ந்து வாழ்ந்து நமக்குப் பழகிப்போன அச்சத்தை, அறிவு என்று பெயர் மாற்றி ஊருக்கு அனுப்புகிறோமே, அது முறையா? அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு பேச்சுரிமை கொடுத்திருக்கும் நாட்டில் இருக்கும் பிள்ளையிடம், நம் விசாவின் நிபந்தனைகளை ஏன் திணிக்க வேண்டும்? மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம் என்பதற்காக நம் பயத்தையும் அவன் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

நஜ்ஜாஷியின் அவை

இஸ்லாமிய வரலாற்றின் முதல் அகதிகள் முஸ்லிம்களே. கி.பி. 615-ல் மக்கத்துக் கொடுமை தாங்காமல் அபிசீனியாவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே ஆண்ட நஜ்ஜாஷி மன்னர் கிறிஸ்தவர். அகதிகளைத் திருப்பி அனுப்பும்படி குறைஷிகள் பரிசுப் பொருள்களோடு தூதரை அனுப்பினார்கள். மன்னர் என்ன செய்தார்? அகதிகளை அவைக்கு அழைத்தார். அவர்கள் சார்பில் ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் பேசினார்கள். பேசி முடிக்கும்வரை மன்னர் கேட்டார். அதன் பின்னரே தீர்ப்புச் சொன்னார். பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தார். மனிதர்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடைக்கலம் தேடி வந்தவன் எந்த மதத்தவன் என்று பார்த்து நீதி வழங்காமை ஒன்று. இளைஞன் பேசும்போது முழுவதும் கேட்பது மற்றொன்று. இவ்விரண்டும் அந்த அவையில் இருந்தன. நம் அறைகளில் இரண்டும் இல்லை.

அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் ஓர் அத்தியாயமே திருமறையில் உண்டு. அது புளி வியாபாரிக்கு மட்டும் இறங்கியது என்று நினைக்கிறோமா? ஒரு கருத்தைச் சொல்லுமுன் ஒரு காரியம் செய்வோம். பீகாரி என்னும் சொல்லை எடுத்துவிட்டு நத்தத்துக்காரன் என்று வைத்துப் பார்ப்போம். ஊரார் பிள்ளை இருக்கும் இடத்தில் நம் பிள்ளையை வைத்துப் பார்ப்போம். அப்போதும் அதே தீர்ப்பு வருமானால் அதை உரக்கச் சொல்வோம். வராவிட்டால் வாயை மூடிக்கொள்வதே மார்க்கம்.

என் தங்கை மகன் இப்போது வேலைக்குப் போகிறான். சென்ற விடுமுறையில் அவனிடம் அந்த நாளைப் பற்றிப் பேசி, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, “விடுங்க மாமு” என்றான். அவன் விட்டுவிட்டான். தையல் இயந்திரத்தின் முன் கேட்கப்பட்ட கேள்வி மட்டும் இன்னும் விடவில்லை. அந்த இளைஞர் இன்றும் சட்டை தைக்கிறார். இன்றும் எந்த நாட்டுக் குடிமகனும் அல்லர். அவருக்காக நம் ஜமாஅத்திலிருந்து ஒரு தீர்மானமாவது எழுதப்படட்டும். அதை எழுதும் கை, பிறருக்காகக் கேட்பதையும் தனக்காகக் கேட்பதையும் ஒரே கல்லால் நிறுக்கட்டும்.

நிறுவையில் நேர்மை தவறாதவர்களாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.