சேவலை உதைத்து அடக்க முடியாது

போன மே மாத விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். தப்பு என் பேரில் என்பதால்தான் தயக்கம். பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பி, பொழுது போக நாலு கோழி வளர்ப்பவர்கள் என்னைப் போல் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

முசிறிப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் இரண்டு வருடத்துக்கு முன் சாயம் பூசிய கோழிக்குஞ்சு விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். பேத்தி அடம்பிடித்தாள். நாலு வாங்கினேன். மூன்று ஒரு வாரத்துக்குள் செத்துவிட்டன. மிஞ்சியது ரோஸ் கலர். 'ரோஸி' என்று பெயரும் வைத்துவிட்டுப் போனாள்.

ரோஸி பெட்டை இல்லை என்பது கொண்டை வந்த பிறகுதான் தெரிந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முட்டைப் பண்ணைகளுக்குப் பெட்டைதான் வேண்டும். பொரித்ததுமே சேவல் குஞ்சுகளைப் பிரித்து ஒதுக்கிவிடுவார்கள். திருவிழாவில் கலர் கலராக விற்பவை பெரும்பாலும் அவைதான். நாமக்கல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை.

அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு, கையில் தீனி வைத்து வளர்த்தோம். தோளில் ஏறி உட்காரும். என் மனைவிக்கு அதில் ஏகப் பெருமை. ஐந்து மாதத்தில் உடம்பு முழுக்க வெள்ளையானது. ஒரு இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு என் காலைச் சுற்றிச் சுற்றி வரும். டான்ஸ் ஆடுகிறது என்று சிரித்தோம். அது டான்ஸ் இல்லை, "வா, ஒரு கை பார்க்கலாம்" என்று கூப்பிடுவது. தாய்க்கோழியோடும் பெரிய சேவல்களோடும் வளரும் குஞ்சு, கொத்து வாங்கி வாங்கித் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். மனிதர் கையிலேயே தனியாக வளர்ந்ததற்கு நாம்தான் அதன் கூட்டம். வயது வந்ததும் நம்மோடுதான் மோதும்.

முதலில் செருப்பைக் கொத்தியது. பிறகு விளக்குமாற்றை. அப்புறம் பால்காரர் கேட்டைத் திறக்கவே பயந்தார். "ஒரு உதை விடுங்க சார், அடங்கிடும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். விட்டேன். மறுநாள் இன்னும் வேகமாக வந்தது. உதைத்தால் நாம் சண்டைக்கு ஒத்துக்கொண்டோம் என்று கணக்கு. திரும்பி ஓடினால் அது ஜெயித்துவிட்டது என்று கணக்கு. நான் இரண்டையுமே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன்! நாய்க்கும் இதே கதைதான். எங்கள் மணி ஒரு தடவை விளையாட்டாகத் துரத்த, மூக்கில் ரத்தம் வரக் கொத்து வாங்கியது. அதிலிருந்து இரண்டுக்கும் ஆகாது.

மே மாதம் பேத்தி வந்தாள். ஆறு வயது. "ரோஸீ" என்று ஆசையாகக் குனிந்தாள். பாய்ந்துவிட்டது. காலில் இருக்கும் முள், கண்ணுக்கு இரண்டு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தைக் கழுவி டி.டி. ஊசி போட்டார்கள். முள் குத்து வெளியில் சின்னதாகத் தெரியும், ஆழமாக இறங்கியிருக்கும். வீட்டில் மஞ்சள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

அன்று ராத்திரி மகன் போனில், "அறுத்துடுங்கப்பா" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. வைத்திருக்க இடமும் பொறுமையும் இல்லாதவர்களுக்கு அதுதான் சரியான வழி என்று நானும் சொல்வேன். என் மனைவிதான், "கையில வளர்த்தத எப்படிங்க குழம்பு வைக்கிறது?" என்று அழுதாள்.

கொல்லையில் கம்பி வலை அடித்து ஆறு பெட்டைகளோடு உள்ளே விட்டிருக்கிறேன். தீனி வைக்கப் போகும்போது நான் மட்டும் போவேன். அவசரப்படுவதில்லை, முதுகு காட்டுவதில்லை. இறக்கையைத் தாழ்த்தினால் அசையாமல் நிற்பேன். சில நாள் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துள்ளல் அடங்கும்வரை நடந்துவிட்டு இறக்கிவிடுவேன். முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கினேன். அடியில் உயிர் இருக்கிறது, ஒட்ட வெட்டக்கூடாது. கோழிகளை வெளியே மேய விடும் நேரத்தில் மணியைக் கட்டிவிடுவோம், ரோஸி பஞ்சாரத்துக்குள் இருக்கும். என்னிடம் இப்போது ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதற்காகக் குழந்தைகள் இருக்கும்போது திறந்துவிட மாட்டேன். ஒரு தடவை முகத்துக்குப் பாய்ந்த சேவலை எவ்வளவு சாதுவானாலும் நம்பக்கூடாது என்பது என் கட்சி.

முட்டைக்காக வளர்ப்பவர்களுக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். திருவிழாவில் பேரன் பேத்தி கலர் குஞ்சு கேட்டால் பலூன் வாங்கிக் கொடுங்கள்.

பேத்தி போன வாரம் வீடியோ காலில், "தாத்தா, ரோஸி என்ன பண்றா?" என்று கேட்டாள். அவள் இன்னமும் 'பண்றா' என்றுதான் சொல்கிறாள். போனைக் கம்பி வலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததும் போனைக் கொத்த வந்தது.