250 பேருக்கு ஒருவர்

இணையவழிப் பட்டப் படிப்புகளின் சேர்க்கைக்கு ஒரு கடைசித் தேதி அறிவிக்கப்படும். பிறகு அது நீட்டிக்கப்படும். பருவத்துக்குப் பருவம் இதுவே வாடிக்கையாகிவிட்டது. எம்.பி.ஏ., பி.பி.ஏ., மார்க்கெட்டிங், டிஜிட்டல் மார்க்கெட்டிங், நுகர்வோர் நடத்தை என்று விளம்பரங்கள் கைப்பேசியை நிறைக்கின்றன. ‘வகுப்பறைப் பட்டத்துக்குச் சமமானது’ என்ற வாசகம் அவற்றில் தவறாமல் இருக்கிறது. அது பொய் என்றால் வழக்குப் போடலாம். பொய் இல்லை என்பதுதான் நம் ஆத்திரம். 2022 செப்டம்பரில் டெல்லியில் முடிவெடுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவினர் (யு.ஜி.சி.) அப்படித்தான் அறிவித்தார்கள்: தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை. அதே கைகள் 2020-ல் எழுதிய இணையவழிப் படிப்பு விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பாடத்துக்கு, 250 மாணவர்கள் கொண்ட ஒரு தொகுதிக்கு, ஒரே ஒரு வழிகாட்டி போதும். வகுப்பறை எம்.பி.ஏ.வில் ஒரு பிரிவுக்கு 60 பேர், 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்கு வைத்திருக்கும் நாட்டில்தான் இந்த இரண்டும் சமமாம்.

250 என்ற எண் எப்படி வந்தது என்று யாரும் விளக்கவில்லை. நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பருவத்தில், ஒரு பாடத்துக்கு ஒரே ஓர் அசைன்மென்ட். பத்துப் பக்கம் இருக்கும். படித்து, ஓரத்தில் இரண்டு வரி எழுதி, மதிப்பெண் போட 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 250 பேருக்கு அறுபத்திரண்டரை மணி நேரம். வேறு எந்த வேலையும் பார்க்காமல் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஏறத்தாழ எட்டு நாள் ஆகும். சந்தேகங்களுக்குப் பதில், நேரலை வகுப்பு, விவாத மேடையை மேய்ப்பது எல்லாம் தனி. அந்த வழிகாட்டியின் தலையில் இரண்டு பாடங்களைக் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். அசைன்மென்ட் போய்க் கொள்குறி வினா வரும். கணினியே திருத்திவிடும். மாஸ்லோவின் தேவைப் படிநிலையில் உச்சியில் இருப்பது எது? நான்கில் ஒன்றைத் தட்டினால் நுகர்வோர் நடத்தை படித்தாயிற்று. மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு வரை அக மதிப்பீட்டுக்கு இருக்கிறது. ஒரு மாணவரை ஓர் ஆசிரியர் நேராக எடைபோட விதியில் இருக்கும் இடம் அது ஒன்றுதான். அதையும் இயந்திரத்திடம் ஒப்படைக்காமல் தீராது என்கிற நிலையை விதியே உண்டாக்குகிறது.

கணக்குப்பதிவியல் என்றாலாவது பேரேட்டில் போட்டுப் போட்டுப் பழகிக்கொள்ளலாம். நுகர்வோர் நடத்தை அப்படி வராது. அது வாதாடிப் படிக்க வேண்டிய பாடம். கடலூரிலிருந்து கிளம்பிய சிக் ஷாம்புவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1983-ல் 15,000 ரூபாயோடு சி.கே. ரங்கநாதன் தொடங்கிய தொழில். காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் வந்தது. எந்த பிராண்டின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் சரி. கொஞ்ச காலம் கழித்து, சிக்கின் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். விற்பனை ஏறியது.

ஒரு நல்ல பேராசிரியர் இதைப் பலகையில் எழுதிவிட்டு, ‘ஏன்?’ என்று கேட்டுச் சும்மா நிற்பார். விலைதான் சார் என்பான் முதல் பெஞ்சு. பாட்டில் வாங்கி வைத்தால் வீடே காலி பண்ணிவிடும், பாக்கெட் என்றால் எனக்கு மட்டும் என்பாள் கூட்டுக் குடும்பத்துப் பெண். மளிகைக் கடைக்காரர் மகன் எழுந்து, ‘அதெல்லாம் இல்ல சார், காலி பாக்கெட்ட எண்ணி வாங்கி வச்சதுக்குக் கடைக்காரருக்கு என்ன கெடைச்சுதுனு பாருங்க’ என்பான். அதோடு வகுப்பு வேறு பக்கம் திரும்பும். வாங்குபவரை விட்டுவிட்டு விற்பவரின் மனசைப் பேச ஆரம்பிப்பார்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் அந்த மணி நேரம் அச்சாகியிருக்காது.

இணையவழி விவாத மேடையில் இதே கேள்வியைப் போட்டால்? முதல் பதிலைச் சற்றே மாற்றி நாற்பது பேர் எழுதுவார்கள். ‘நல்ல கருத்து’ என்று அறுபது பேர். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று மற்றவர்கள். பங்கேற்புக்கு மதிப்பெண் உண்டு, அதனால் எழுதியாக வேண்டும். இப்போது சாட்ஜிபிடி எழுதிய பதிலுக்குச் சாட்ஜிபிடி எழுதிய மறுமொழி வேறு. கண்டுபிடித்துக் கேட்க வேண்டியவர் 250 பேருக்கு ஒருவர். அவர் அடுத்த பாடத்தின் வினாத்தாளைத் தயாரித்துக்கொண்டிருப்பார்.

காணொளிகளைக் குறை சொல்லவில்லை. சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல்லில் கான்பூர், கரக்பூர் ஐஐடி பேராசிரியர்கள் நடத்திய மார்க்கெட்டிங், நுகர்வோர் நடத்தைப் பாடங்கள் இருக்கின்றன. பார்ப்பதற்குக் காசு கிடையாது. இரவு பத்து மணிக்கும் பார்க்கலாம், பஸ்ஸிலும் பார்க்கலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், குழந்தை பிறந்த பின் கல்லூரி வாசலை மிதிக்க முடியாமல் போன பெண்கள், மாவட்டத் தலைநகருக்கு வரவே இரண்டு பஸ் மாற வேண்டியவர்கள், இவர்களுக்கெல்லாம் இணையவழிப் படிப்பு ஒரு கதவுதான். மறுக்கவில்லை. பாடம் இலவசமாகவே கிடைக்கும்போது ஒன்றரை லட்சம், அதற்கு மேல் என்று எதற்குக் கட்டுகிறார்கள்? பட்டத்துக்காக. அந்தப் பட்டத்துக்கு மதிப்புத் தரும் ஆசிரியருக்காக. அந்த ஆசிரியரைத்தான் டெல்லி 250-ஆல் வகுத்துவிட்டது.

ஆசிரியர் கிடைக்காத இந்தப் படிப்பில் ஆலோசகர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஏதோ ஓர் இணையதளத்தில் எண்ணைப் பதிந்த பத்தாவது நிமிடத்தில் அழைப்பு வரும். ‘மேடம், ஸ்காலர்ஷிப் இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான்.’ மறுநாளும் அதே ஆறு மணி. ‘மூணு சீட்டுதான் பாக்கி.’ இணையவழிப் படிப்பில் என்ன சீட்டு, என்ன பாக்கி? கையில் பணமில்லை என்றால் வட்டியில்லாத் தவணை என்று கடன் விண்ணப்பத்தை அனுப்பிவைப்பார்கள். வாங்குபவரை அவசரப்படுத்துவது, இல்லாத தட்டுப்பாட்டைக் காட்டுவது எல்லாமே அவர்கள் விற்கும் பாடத்திட்டத்தில் இருப்பவைதான். செய்முறைத் தேர்வை மாணவர் மேலேயே நடத்துகிறார்கள். தடை செய்த 13 வகை ஏமாற்று உத்திகளில் ஒன்றாகப் போலி அவசரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே பட்டியலிட்டுவிட்டது. உயர்கல்வியைக் கவனிக்கும் மானியக் குழுவினரோ 2022 ஜனவரியில், தனியார் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களுடன் பல்கலைக்கழகங்கள் முகவர் ஏற்பாடு செய்துகொள்ளக் கூடாது என்று எச்சரித்தார்கள். எச்சரிக்கை வந்தது. அழைப்புகள் நின்றனவா?

சரி, ஏமாந்தவர் எங்கே போவார்? நுகர்வோர் நீதிமன்றத்துக்கா? போகலாம், ஆனால் கதவு பாதி சாத்தியிருக்கிறது. ரோஹ்தக் பல்கலைக்கழக வழக்கில், பல்கலைக்கழகத்திடம் படிப்பவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எம்.ஏ. படித்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.எட். சேர்ந்த பெண்ணுக்குப் பட்டம் மறுக்கப்பட்ட வழக்கு அது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையமும் தீர்ப்பளிக்க, மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஆக, இன்றைய நிலையில் நுகர்வோர் நடத்தை பற்றிக் காசு கொடுத்துப் படிப்பவரே சட்டத்தின் கண்ணில் நுகர்வோரா என்பது உறுதியில்லை. அந்தப் பெண்ணுக்குப் பட்டம் இல்லாமல் செய்த குற்றம் ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு. அதே இரண்டு படிப்பை 2022 ஏப்ரலில் மானியக் குழுவினர் எல்லாருக்கும் அனுமதித்தார்கள். அவர் தோற்ற தீர்ப்புக்குப் பன்னிரண்டு ஆண்டு தாமதமாக, அவ்வளவுதான்.

இவர்களின் தாமதங்களைப் பற்றிப் பேசினால் இந்தப் பக்கம் போதாது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதில் ஒன்று நம் தமிழ்நாட்டில் இருப்பது, 2001 முதல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்துவந்தன. பொறியியலை அஞ்சலில் படிக்க முடியுமா என்று சின்னப் பையனும் கேட்பான். டெல்லியில் கேட்கவில்லை. கேட்காததோடு விட்டார்களா? பின்தேதியிட்டு அங்கீகாரமும் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டங்களில் ஒரு பகுதியை ரத்து செய்தது. மீதியை மறுதேர்வு எழுதித் தேறினால்தான் செல்லும் என்றது. அங்கீகாரம் கொடுத்த அதிகாரிகளைப் பற்றி சிபிஐ விசாரிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பட்டத்தை வைத்து வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் செய்து, வீட்டுக் கடன் வாங்கியவர்கள் நாற்பது வயதை நெருங்கும்போது மறுபடி தேர்வு எழுதப் போனார்கள்.

அதற்கு முன் 2013. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைநிலைக் கல்வி மையம் நடத்தக் கூடாது என்று உத்தரவு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கேரளத்திலும் வளைகுடாவிலும் படித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். தரத்தைக் காக்கவே எல்லை என்றார்கள். ஏழே ஆண்டில் வந்த இணையவழி விதியில் எல்லையே கிடையாது. சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழு பொது அறிவிப்பு விட்டது எப்போது? 2022 மார்ச்சில். ஏழாண்டு சேர்க்கை நடந்து முடிந்தபின். அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கம் தவறே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஏழாண்டு ஒரு பெரும் பல்கலைக்கழகம் ஊரறியப் படிவம் விற்றபோது டெல்லியில் யார், எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்கிறோம்.

தேர்வு நடத்துவதிலாவது டெல்லி கை தேர்ந்ததா? கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் எழுதும் நெட் தேர்வு 2024 ஜூன் 18-ல் நடந்தது. 9 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். மறுநாளே ரத்து. காரணம் கேட்டால் வினாத்தாள் கசிந்ததாக ஒரு ஸ்கிரீன்ஷாட். அது திருத்தப்பட்ட போலி என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. பேனாவும் தாளும் வைத்து, மேற்பார்வையாளரை அறையில் நிறுத்தி நடத்திய தேர்வின் கதி இது. டெல்லி வகுத்த விதியை நம்பித்தான் வீட்டு மடிக்கணினியின் கேமரா முன் ஒருவர் எழுதும் எம்.பி.ஏ. தேர்வு, வகுப்பறைத் தேர்வுக்குச் சமம் என்று வேலைக்கு எடுப்பவர்கள் ஏற்க வேண்டுமாம்.

அவர்கள் ஏற்கிறார்களா என்பது வேறு விஷயம். சமம் என்ற அறிவிப்பு விண்ணப்பத்தைத்தான் காப்பாற்றும்; நேர்முகத் தேர்வில் எதிரில் இருப்பவர் காலி பாக்கெட் கதையைக் கேட்டால் காப்பாற்றாது. அந்த அறையில் திணறி வெளியே வருபவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். 250 என்று எழுதியவர் பெயர் அவருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. விதிகளின் கீழே ஒரு செயலாளரின் பெயர் இருக்கும். எண்ணை யார் கூட்டத்தில் சொன்னார், யார் ஆட்சேபித்தார், எந்த வகுப்பறையைப் பார்த்துவிட்டு வந்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது எந்த அரசிதழிலும் கிடையாது. ஆசிரியராக ஒரு பருவமாவது வேலை பார்த்தவர் அந்த மேசையில் இருந்திருந்தால் இந்த எண் வந்திருக்காது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

இந்த விதி மாற வேண்டும். சரியான எண் எது என்பதைச் சொல்ல இங்கே இடமில்லை. அதைப் பாடம் நடத்துபவர்களைக் கேட்டு, பாடத்துக்குப் பாடம் பார்த்து முடிவு செய்யட்டும். மாணவர் முறையிட ஓர் இடமும், முறையிட்டால் அசையும் ஓர் அதிகாரமும் வேண்டும். அது எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம் அறிந்தவர்கள் வேலை. உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த பருவத்துக்கான அங்கீகாரப் பட்டியல் வெளியாகும்போது பல்கலைக்கழகத்தின் பெயரும் படிப்பின் பெயரும் இருக்கும். பக்கத்தில் எத்தனை மாணவர், எத்தனை வழிகாட்டிகள், அவர்கள் யார் என்று இன்னும் சில பத்திகளைச் சேர்க்கட்டும். அதை வெளியிடக் கூச்சமாக இருந்தால், சமம் என்று சொன்ன அறிவிப்பைத் திரும்பப் பெறட்டும்.