ஓங்கிலுக்குச் சாயம் பூசுவோர்

இளஞ்சிவப்பு டால்பின் ஒன்று அண்மைக் காலமாகத் தமிழ்க் கவிதைக்குள் நீந்தத் தொடங்கியிருக்கிறது. காதலியின் கன்னமாகவும், தொலைந்த பால்யமாகவும், சில வேளைகளில் வெறும் ‘அதிசய’மாகவும் வரிகளுக்கிடையே துள்ளி மறைகிறது. கைப்பேசிச் செய்திகள் இதற்குத் துணை நிற்கின்றன. கணினியில் சமைத்த, ரோஜா நிறம் வழியும் படம் ஒன்று. கீழே ‘இயற்கையின் விந்தை’ என்றொரு வரி. அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்போர் இல்லை. அப்படிக் கேட்பதே ரசனைக் குறைவு என்று எண்ணுவோர் உண்டு. அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

இதை எழுதும் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கடல் வெகு தொலைவு. ஆனால் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த இவ்வூரில் வெண்மையைக் கண்டு மயங்கி எவரும் வெள்ளி வாங்குவதில்லை. ‘எத்தனை டச்?’ என்பதே முதற்கேள்வி. முலாமும் வெள்ளியும் கண்ணுக்கு ஒன்றுதான் என்பதைப் பட்டறைச் சிறுவனும் அறிவான். ஒரு கொலுசைப் பற்றி எழும் கேள்வி ஓர் உயிரைப் பற்றி எழலாகாதா?

கேட்டுப் பார்ப்போம். இளஞ்சிவப்பு டால்பின் என்பது ஒரே உயிரன்று; அப்பெயருக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு வரலாறுகள் கிடக்கின்றன.

முதலாவது, அமேசான், ஒரினோகோ ஆறுகளின் நன்னீர் டால்பின். பிரேசிலில் இதனைப் ‘போட்டோ’ என்பர். அறிவியலார் இட்ட பேரினப் பெயர் ‘இனியா’ என்பது தமிழ்க்காதுக்கு இனிக்கும் தற்செயல். இது பிறக்கும்போது சாம்பல் நிறம். வயது ஏற ஏறச் சாம்பல் கரைந்து சிவப்பு வெளிப்படுகிறது. ஆண்களே மிகுதியும் சிவந்தவை. ஏனெனில் ஆண்கள் ஒன்றையொன்று கடித்துப் போரிடுகின்றன. காயம் ஆறிய தழும்புத்தோல் இளஞ்சிவப்பாகிறது. நம் கவிஞர் காதலியின் கன்னத்துக்கு உவமையாக்கிய நிறத்தில் பெரும்பங்கு விழுப்புண் என்பதை அறிக.

இரண்டாவது, தென்சீனக் கடற்கரையிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் கூன்முதுகு டால்பின். லின்னேயஸின் மாணவர் பெர் ஓஸ்பெக் 1765இல் இதனை விவரித்து அறிவியற்பெயர் தந்தார். குட்டி கருஞ்சாம்பல், வளருந்தோறும் நிறமி குறைந்து, புள்ளிகளாகச் சிதறி, முதிர்ந்த உடல் வெளுத்துப்போகிறது. வெளுத்த தோலின் அடியில் ஓடும் குருதி நாளங்கள் வெளியே தெரிவதுதான் அதன் சிவப்பு. உடற்சூட்டைத் தணிக்கக் குருதி தோலருகே பாயும்போது அந்நிறம் கூடுகிறது. வெயிலில் உழைத்தவன் முகம் சிவப்பது போன்றதே இது.

மூன்றாவது, நிறமியே இன்றிப் பிறப்பது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கால்கேசியு ஏரியில் 2007இல் படம்பிடிக்கப்பட்டு உலகெங்கும் பேசப்பட்ட இளஞ்சிவப்புக் குட்டி இவ்வகை. சிவந்த கண்களே அதற்குச் சான்று. அது தனி இனமன்று. சாதாரணப் புட்டிமூக்கு டால்பினின் பிள்ளைதான்.

இம்மூன்றிலும் சிவப்பு என்றொரு சாயம் இல்லை. ‘இறால் தின்பதால் சிவக்கிறது’ என்று பரப்பப்படும் விளக்கம் பூநாரையின் கதையை எடுத்து டால்பினுக்கு ஒட்டியது. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் நாம் காணும் பூநாரையின் இறகுக்கு உணவிலுள்ள நிறமியே சிவப்பூட்டுகிறது. அங்கு நிறம் வெளியிலிருந்து வந்து சேர்வது. டால்பினுக்கோ உள்ளிருப்பதை மறைத்திருந்த திரை விலகுகிறது. தெரிவது குருதி.

‘கவிதை என்ன விலங்கியல் பாடமா?’ என்று ஒரு குரல் இதற்குள் எழுந்திருக்கும். தமிழ்க் கவிதை மரபின் பெயராலேயே அக்குரலுக்கு விடை சொல்வோம். உள்ளுறை உவமத்துக்குத் தொல்காப்பியர் காட்டும் நிலைக்களன் கருப்பொருள். அதிலும் தெய்வத்தை நீக்கினார். ஏன் நீக்கினார்? தெய்வத்தைக் கண்டு அறிய இயலாது. விலங்கையும் புள்ளையும் மரத்தையும் கண்டு அறியலாம் என்பதாலே என்று நாம் கொள்வோம். கேட்போனும் அவற்றை அறிவான். அந்தப் பொது அறிவின் மேல்தான் சொல்லாத பொருள் ஏறி நிற்கிறது. ஆக, டால்பின் எதனால் சிவந்தது என்று அறியாமல் எழுதுவோர் மரபை மீறியவர் ஆகார். மரபு கோரிய உழைப்பைத் தட்டிக் கழித்தவரே ஆவர்.

மாய யதார்த்தத்தைத் துணைக்கழைப்போரும் சற்று நிற்க. அமேசான் கரையில் அவ்விலங்கு இரவில் வெள்ளுடை அணிந்த அழகனாகித் திருவிழாவுக்கு வந்து பெண்களை மயக்கும் என்பது மக்கள் வழக்கு. அவன் தொப்பியைக் கழற்ற மாட்டான்; தலையின் மேலுள்ள மூச்சுத்துளை தெரிந்துவிடுமே! கவனியுங்கள். அந்த மாயம் துல்லியமான உடலறிவிலிருந்து முளைத்தது. மூச்சுத்துளை எங்கிருக்கிறது என்று அறிந்த மீனவனால்தான் அத்தொப்பியைக் கற்பனை செய்ய முடியும். நாம் இறக்குமதி செய்ததோ மாயத்தை மட்டும். யதார்த்தம் சுங்கத்திலேயே நின்றுவிட்டது.

நிறத்தின் காரணத்தை அறிந்தால் கவிதை வறண்டுபோகும் என்போருக்கு 2023ஐ நினைவூட்டுகிறோம். அவ்வாண்டின் கடும் வறட்சியில் அமேசானின் டெஃபே ஏரி நீர் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுட்டது. சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட டால்பின்கள் செத்து மிதந்தன. உடலின் சூட்டை நீரில் விட்டுத் தணிய வேண்டிய விலங்கு, தன் உடலினும் சூடான நீரில் எதை எங்கே விடும்? நிறத்தை வியந்து மட்டும் பழகிய கண்ணுக்கு இந்தச் சாவின் கொடுமை எட்டாது.

வியப்பு காக்கும் என்பதும் பொய். 1997இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது அவ்விழாவின் சின்னமாக வைக்கப்பட்டது அங்குள்ள இளஞ்சிவப்பு டால்பினே. அந்நகரின் கடற்பரப்பில் 2003இல் 188 என மதிப்பிடப்பட்டவை 2018இல் 32 ஆயின. சின்னம் சுவரொட்டியில் செழித்தது. உயிர் நீரில் குறைந்தது. யாங்சி ஆற்றின் ‘பைஜி’யோ 2006இல் ஆறு வாரம் தேடியும் ஒன்றுகூடத் தென்படவில்லை.

இனி நம் கடலுக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் கூன்முதுகு டால்பின் உண்டு. சீன உறவினரைப் போல அது முழுதும் சிவப்பதில்லை; பெரும்பாலும் ஈயச் சாம்பல். 1829இல் குவியே அதற்கிட்ட பெயரே ‘ஈய நிறத்தது’ என்னும் பொருளுடையது. அவர் கண்ட மாதிரி மலபார்க் கரையிலிருந்து சென்றது. இந்தியப் பெருங்கடலினத்தையும் சீன இனத்தையும் தனித்தனியாகப் பிரித்து வகைப்படுத்தியது 2014இல்தான். நம்முடையது இன்று உலக அளவில் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. கரையை ஒட்டி ஆழம் குறைந்த நீரில் வாழ்வதால், மீனுக்கு விரித்த செவுள்வலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாவதே அதற்கு நேரும் முதற்கேடு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. ஆனால் சட்டத்தை வலை அறியாது.

நம் கடற்கரை மக்கள் டால்பினுக்கு ‘ஓங்கில்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓங்கி எழும் அசைவே கண்ணில் நிற்கும் சொல். அச்சொல்லை எத்தனை கவிதைகளில் கண்டோம்? சாம்பல் நிறம் படிமத்துக்கு உதவாது போலும். தூரத்து ஆற்றின் தழும்பு நமக்கு அழகாகத் தெரிகிறது. பக்கத்துக் கடலின் பிணம் செய்தியாகக்கூட வருவதில்லை.

நிறத்தைக் கண்டதும் அதன் மூலத்தைக் கேட்பது சேலத்துக்காரர்க்கு வெறும் இலக்கியக் கொள்கை அன்று. சேர்வராயன் மலையில் தெளிந்து பிறக்கும் திருமணிமுத்தாறு, நகருக்குள் நுழைந்தபின் சாயக் கழிவும் சாக்கடையும் சுமந்து நாமக்கல் வழியே காவிரிக்குப் போகிறது. அதில் நுரை வண்ணமாக எழும் நாளில் ‘என்ன அழகு!’ என்று நின்று பார்ப்பவனை ஊர் என்ன சொல்லும்? எந்தப் பட்டறை திறந்துவிட்டது என்றல்லவா முதலில் கேட்கும்! அந்தக் கேள்வியைக் கவிதையின் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கச் சொல்லாதீர்கள்.

இளஞ்சிவப்பு டால்பினை எழுதவே கூடாது என்பதன்று எம் வாதம். எழுதுவோர் குருதி என்று அறிந்து எழுதட்டும். அதற்கு முன் ஒருமுறையேனும் மன்னார் வளைகுடாக் கரைக்குச் சென்று, ஒரு வள்ளக்காரரிடம் ஓங்கிலைப் பற்றிக் கேட்டுவிட்டு வரட்டும்.