வெள்ளத்திலும் அடைபடாத வழி

களுகங்கை பெருகி இரத்தினபுரி நகரைச் சூழும் நாள்களில், கொழும்புக்குப் போகவேண்டியவர் முதலிற் கேட்கும் கேள்வி, "எந்த வழி திறந்திருக்கிறது?" என்பதே. அவிசாவளை வீதி நீரில் மூழ்கினால் ஹொரணை, பாணந்துறை வழியாகச் செல்ல முயல்வர். உள்ள வழி ஒன்றேயாயின் ஊரே தீவாகிவிடும் அன்றோ? இன்று உலகைப் பிணைத்து நிற்கும் இணையத்தின் பிறப்புக்கும் இத்தகைய சிந்தனையே வித்தாயிற்று.

முற்காலத் தொலைபேசி முறையில், பேச்சு முடியும்வரை இருவருக்கென்றே ஒரு தனி வழி ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வழி அறுந்தால் பேச்சும் அறும். 1960களில் அமெரிக்காவில் போல் பாரன் என்பவரும், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனித்தனியே வேறொரு முறையைக் கண்டனர். செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இலக்கமும் முகவரியும் இட்டு அனுப்புவதே அம்முறை. கலியாண வீட்டார் பல வண்டிகளில் ஏறி, பல வீதிகளாற் சென்று, மண்டப வாசலில் ஒன்றுகூடுவது போல, பொதிகளும் கிடைத்த வழியிற் சென்று, சேருமிடத்தில் இலக்கப்படி ஒழுங்காகின்றன. ஒரு பொதி தவறினால் அதனை மட்டும் மீண்டும் அனுப்பினாற் போதும்.

1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, கலிபோர்னியாவில் சார்லி கிளைன் என்னும் மாணவர், பல நூறு மைல் தொலைவிலிருந்த மற்றொரு கணினிக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்பத் தொடங்கினார். முதல் இரண்டு எழுத்துகள் சென்றன. உடனே மறுமுனைக் கணினி நின்றுபோயிற்று! பழுதைத் திருத்தி மீண்டும் முயன்றபோது முழுச் சொல்லும் சென்றது. 'ஆர்ப்பாநெற்' எனப்பட்ட அவ்வலையே இணையத்தின் முன்னோடி.

வெவ்வேறு வலைகள் தம்முள் உறவாடுவதற்கான பொது விதிகளை வின்ற் சேர்ப், பொப் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்டனர். 1983ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஆர்ப்பாநெற் அவ்விதிகளுக்கு மாறியது. 1989இல் ரிம் பேர்ணர்ஸ்-லீ முன்மொழிந்த உலகளாவிய வலையை, 1993இல் அவரது ஆய்வுகூடமாகிய 'சேர்ண்' யாவரும் விலையின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. இப்பெருவலை முழுவதையும் ஆளும் தலைமை நிலையம் என்று ஒன்றில்லை. எந்த முனையிலிருந்தும் கொள்ளலாம். எந்த முனையிலிருந்தும் கொடுக்கலாம்.

நம் நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ, 1980களின் இறுதியில் 'லேர்ன்' என்னும் கல்வி வலையமைப்புக்கு வித்திட்டார். 1990களின் தொடக்கத்திற் பல்கலைக்கழகத்தார் மின்னஞ்சல் பெற்றனர். 1995இல் பொதுமக்களுக்கான வணிகச் சேவை தொடங்கிற்று. கொழும்பை எட்டிய அவ்வசதி மலைகளை எவ்வாறு எட்டுவது? சப்பிரகமுவைக்கு அப்பால், மத்திய மாகாணத்துக் கொத்மலையில் இதற்கொரு வழி கண்டனர். 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன், அங்குள்ள சமூக வானொலி நிலையத்தார், நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி, நாட்டு மொழியில் வானொலியிற் சொன்னார்கள். கணினியைக் கண்டிராதவரும் இணையத்தைக் காதாற் கேட்டனர்.

தமிழும் தானாக அவ்வலையில் ஏறிவிடவில்லை. பழந்தமிழ் நூல்களை 1998இல் மதுரைத் திட்டத்தாரும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் நூலகம் திட்டத்தாரும் தன்னார்வமாக இணையத்தில் ஏற்றத் தொடங்கினர்.

2020இலும் அடுத்த ஆண்டிலும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மாணவர் பலர் கைத்தொலைபேசிக்கு அலை தேடிக் குன்றேறியதை நாம் மறக்கவில்லை. அக்குறை தீரவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அலை கிடைத்தபின் நாம் பெறுவோராக மட்டும் இருந்துவிடலாமா? கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களின் பெட்டிகளில் பழைய கடிதங்களும், கோயில் திருவிழா அறிவித்தல்களும், பாடசாலை மலர்களும் செல்லரித்துக் கிடக்கின்றன. மாணவர்களே! பாட்டனாரிடம் கேட்டு அவற்றின் ஆண்டையும் செய்தியையும் குறித்துக்கொள்ளுங்கள்; படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்; உரியவரின் சம்மதத்துடன் வலையில் ஏற்றுங்கள். நம்மைப் பற்றி நாமே எழுதாவிடின், உலகத்துக்கு அதை வேறு யார் சொல்வார்?