மொழியைப் பறித்தார், நிலத்தைப் பறித்தார்!

ஐரோப்பாவின் வடகோடியில், பேரண்ட்சுக் கடலோரம் விரிந்து கிடப்பது பின்மார்க்கு. நார்வே நாட்டின் இம்மாவட்டம் டென்மார்க்கு நாட்டினும் பரந்தது. மக்களோ ஏறத்தாழ 75,000 பேரே. வெந்நீரோட்டம் தழுவுவதால் கடுங்குளிரிலும் அதன் திறந்த கடற்கரை உறைவதில்லை. அக்கடலில் மீன்பிடித்தும், உள்நாட்டு மேட்டுநிலத்தில் பனிமான் மேய்த்தும் வழிவழியாக வாழ்பவர் சாமி எனும் தொல்குடியினர்.

"ஆளில்லாப் பாழ்நிலம்" என்பர், அம்மண்ணின்மேல் கண்வைத்தோர். பாழ்நிலமா அது? கன்று ஈனும் மேடும் மந்தை கடக்கும் துறையும் சாமி மொழியில் பெயர் பெற்றுள்ள நிலம் பாழாவது எங்ஙனம்? அப்பெயர்களைச் சொல்லும் நாவை அடக்கிய பின்னரன்றோ அது பாழெனப்பட்டது!

அடக்கிய வகையைக் கேண்மின்! வகுப்பிற்கு வெளியிலும் பிள்ளைகள் சாமி மொழி பேசாவாறு ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது 1898ஆம் ஆண்டுக் கல்வி ஆணை. எழுத்தறிவிப்போனை ஒற்றனாக்கிய கொடுமை இது! நார்வே மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லார்க்கே அரசுநிலம் விற்கப்படும் என்றன, 1902ஆம் ஆண்டு நிலவிற்பனைச் சட்டத்தின் நெறிமுறைகள். தாய்மொழியைக் கைவிட்டால் நிலம், கைவிடாவிடின் வெறுங்கை!

பின்னர் ஆல்ட்டா ஆற்றில் அணை வந்தது. எதிர்த்து அமர்ந்தோரை அகற்ற 1981இல் ஏறத்தாழ 600 காவலர் ஏவப்பட்டனர். 1987இல் அணை எழுந்தது. ஆயினும் போராட்டம் வீண்போகவில்லை. 1989இல் சாமி நாடாளுமன்றம் பிறந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்ட நிலத்தில் நூற்றுக்கு 95 பங்கை அம்மாவட்டத்தார்க்கெனப் புதிதாக அமைத்த பொது அமைப்பிடம் ஒப்படைத்தது.

2024 நவம்பரில் நார்வே நாடாளுமன்றம் பழைய மொழியொழிப்புக்கு மன்னிப்புக் கேட்டது. நன்று! ஆனால் அதற்கு முந்திய ஆண்டில்தான், மெல்க்கோயாத் தீவின் எரிவளி நிலையத்திற்குக் கரையிலிருந்து மின்னாற்றல் தர அந்நாட்டரசு முடிவு செய்தது. அதற்கான மின்கம்பிகளும் காற்றாலைகளும் யாருடைய மேய்ச்சல் நிலத்தில் எழும்? செம்புச் சுரங்கக் கழிவை இரெப்பர் கடற்கழியில் கொட்ட இசைவளித்ததும் அவ்வரசன்றோ! 'பசுமை' எனப் பெயர் சூட்டினால் பறிப்பு கொடையாகிவிடுமா?

"நாட்டின் நலத்திற்குச் சிலர் விட்டுக்கொடுத்தல் ஆகாதா?" என்பர். ஒவ்வொரு முறையும் அச்சிலர் சாமி மக்களாகவே இருப்பதேன்?

மன்னிப்பு வாயளவில் முடிவதன்று, பறித்ததை மீட்டளிப்பது. "வேண்டா" எனும் சொல்லைச் சாமி மக்கள் தம் மண்ணில், தம் மொழியில் சொல்லி, அச்சொல் செல்லும் நாளே அம்மன்னிப்பு மெய்யாகும். அதுவரை அது வெற்றொலியே!